மொட்டை மாடியில் இரண்டு தடைகள்

சைவ மெஸ்ஸுக்கு முட்டை வாங்கியது என் தப்புதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று ஒதுக்கி வைத்தால் வேறு எதையாவது பேசிக்கொண்டே போய்விடுவேன். என் பேச்சு சாம்பார் அண்டாவில் கரண்டி விட்ட மாதிரி. அடியில் கிடப்பதெல்லாம் மேலே வரும், தேடினது வராது.

வங்காளிகள் ஊரில், பவானிபூர் என்கிற பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த மெஸ். முன்பக்கம் பலசரக்குக் கடை. அப்பளம், புளி, காப்பிப்பொடி, ஊறுகாய் எல்லாம் கிடைக்கும். அதற்குப் பின்னால் எட்டு மேசை. அதற்கும் பின்னால் என் அடுப்பு. முதலாளி எங்கள் பக்கத்து ஆள்தான், தென்காசிக்கு இந்தப் பக்கம். நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அறுபதுகளின் கடைசியில் ரயிலேறி வந்து, முதலில் பாத்திரம் தேய்த்து, பிறகு மாவு ஆட்டி, ஒரு வழியாகக் கல்லுக்கு முன்னால் வந்து நின்றேன். நின்றேன் என்பதுகூடச் சரியில்லை. எனக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. தோசை வேகிற நேரத்துக்குள் சந்து முனைவரை போய் வந்துவிடுவேன். இப்போதும் நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. மருமகள் கையால் பிடித்து நிறுத்துகிறாள்.

நான் சொல்லப்போவது நடந்தபோது எனக்கு முப்பது வயது இருக்கும். தலையில் ஒரு முடி கிடையாது. மெட்ரோவுக்காகப் பெரிய ரோட்டை நடுவாகக் கிழித்துப் போட்டிருந்த வருஷங்கள். ரோடு முழுக்கப் பள்ளம், பள்ளத்தைச் சுற்றி மரக்கட்டைத் தடுப்பு, குறுக்கே நடக்கப் பலகை. அந்தப் பலகைமேல் நடந்துதான் காய்கறிக்குப் போவோம்.

அந்த ஊரில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். கால்பந்து சீசன் தொடங்குவதற்கு முன்னால், ஆட்டக்காரன் தானே ஆபீசுக்கு நேரில் போய், இந்த வருஷம் இந்த கிளப்புக்கு ஆடுகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குச் சில நாள்தான் கெடு. கையெழுத்து விழும்வரை அவன் யாருக்கும் சொந்தமில்லை. அதனால் பெரிய கிளப் இரண்டும் தங்களுக்கு வேண்டியவனைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைக்கும். கடத்தல் என்றால் கடத்தல் இல்லை. பேச்சு முடிந்து, ஆளும் சம்மதித்துத்தான் வருவான். ஆனாலும் எதிர் கிளப்காரன் வழியில் பார்த்தால் இன்னும் இனிப்பாகப் பேசிக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அந்த பயம்.

எங்கள் முதலாளி ஒரு கிளப்புக்கு உயிரை விடுபவர். அந்த கிளப்புக்கு ஆள் பிடிக்கிறவர் ஒருவர் இருந்தார். குடையும் வெற்றிலையுமாகத் திரிகிற பெரிய உடம்பு. எல்லோரும் 'மேஜ்தா' என்பார்கள், நடு அண்ணன் என்று அர்த்தம். ஒரு மத்தியானம், சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரம், மேஜ்தா தலையில் துண்டு போர்த்திய ஒருவனைத் தோளில் கைபோட்டு உள்ளே அழைத்து வந்தார். துண்டை எடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏ தம்பி, நீயா?"

"நான்தான் அண்ணாச்சி. காப்பி இருக்கா?"

மூன்று வருஷமாக எங்களிடம் மாதச் சாப்பாடு சாப்பிட்ட காலேஜ் பையன் அவன். தமிழ்க் குடும்பம், அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, ரயில்வே காலனியிலே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், சலிப்பு வந்தால் மட்டும் வங்காளிகள் மாதிரி 'தூர்' என்பான். அவன் கால்பந்துக்காரனே இல்லை. ஹர்டில்ஸ் என்கிற தடை தாண்டும் ஓட்டம்தான் அவன் வித்தை. காலேஜில் ஓடுகிறவர்கள் குறைவு, ஆகவே அவனையே எல்லாவற்றுக்கும் அனுப்பினார்கள். நீளம் தாண்டுவான், உயரம் தாண்டுவான், ஈட்டி எறிவான், தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாக ஓடுவான். ஒரு நாள் ஆள் குறைந்தது என்று கால்பந்திலும் இறக்கினார்கள். பந்தை இருபது கஜம் முன்னால் தட்டிவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தான். காலை நீட்டித் தடுத்தவனை, தடையைத் தாண்டுகிற மாதிரியே தாண்டிப் போனான். கூட்டம் எழுந்து நின்றதாம். ஒரு சின்ன கிளப் எடுத்துக்கொண்டது. அடுத்த வருஷமே பெரிய கிளப் இரண்டும் வாசலில் நின்றன.

மேஜ்தா வங்காளத்தில்தான் பேசுவார். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன்.

"அஞ்சு நாள். அஞ்சாம் நாள் காலையில நானே டாக்சி கொண்டு வர்றேன். அதுவரைக்கும் இவன் நிழல்கூட சந்தில விழக்கூடாது. மதராஸி மெஸ்ஸுல ஃபுட்பால்காரன் இருப்பான்னு எவனும் நினைக்க மாட்டான். மீன் இல்லாத எடத்துல எவன் அஞ்சு நாள் இருப்பான்?"

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "லே, மாடி ரூம் சாவி உன் இடுப்புல இருக்கட்டும். ஆள் வெளிய போச்சுன்னா நீயும் அப்படியே ஊருக்கு ரயிலேறிரு. சத்தியம் பண்ணு."

அடுப்பைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். என்ன யோசித்தேன்? ஒன்றும் யோசிக்கவில்லை. ஐந்து நாள் சோறு போடுவதில் என்ன இருக்கிறது.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. தூங்கினான், சாப்பிட்டான், பழைய பேப்பரை எழுத்து விடாமல் படித்தான். இரண்டாம் நாள் காலையில் இட்லி கொண்டுபோனபோது அறையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாய்த்திருந்தான், நடக்க இடம் வேண்டுமாம்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம். மேஜ்தாகிட்ட சொல்லாதீங்க."

"சொல்லாத விஷயம் எனக்கு வேண்டாம்டே."

"கேளுங்க. நாலாம் நாள் காலையில மைதான்ல ஹர்டில்ஸ் செலக்‌ஷன் இருக்கு. மொத ரெண்டு பேரை எடுப்பாங்க. எடுத்தா பஞ்சாப்ல கேம்ப், ஆறு மாசம். அப்புறம் இந்தியாவுக்கு ஓடலாம்."

"அஞ்சாம் நாள் கையெழுத்து?"

"ரெண்டுல ஒருத்தனா வந்தா கையெழுத்து கிடையாது. வரலைன்னா வாயை மூடிக்கிட்டுப் போட்டுருவேன். நான் எனக்குள்ளயே முடிவு பண்ணிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் அவன் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அப்பாவுக்கு இன்னும் சில மாதத்தில் ரிட்டயர்டு, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், கல்யாணமாகாத அக்கா. கிளப் அவனுக்கு ஒரு சர்க்கார் ஆபீசில் வேலையும் பேசி வைத்திருந்தது. தடை தாண்டி ஓடுகிறவனுக்கு யார் வேலை தருவார்கள்? ஒரு கப்பும் சான்றிதழும் தருவார்கள். அவன் வீட்டில் கப்புகளில் அம்மா ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

"அப்ப உங்க அப்பா அம்மா எங்க தங்குவாங்க? கப்புக்குள்ளயா?"

"தூர் அண்ணாச்சி!" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சுவரிடமே, "ஓடிப் பார்க்காமலே விட்டா, காலம் பூரா பந்து பின்னாடி ஓடும்போதெல்லாம் அதே நினைப்பா இருக்கும்ல" என்றான்.

நான் கதவைப் பூட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டேன். அன்று முழுவதும் மேலே நடக்கிற சத்தம் நிற்கவில்லை. அடுப்புக்கு நேர் மேலே அவன் அறை. போகிறான், வருகிறான், போகிறான். அவன் திரும்பும்போதெல்லாம் நானும் திரும்பினேன். மத்தியானம் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

சாயங்காலம் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். வெளியே விடுகிறேன் என்று சொல்லவில்லை. அறையை ஒட்டின மொட்டை மாடிக்கு மட்டும் போகலாம், உயரமான கைப்பிடிச் சுவர் இருக்கிறது, யாருக்கும் தெரியாது என்றேன். அவன் என் மொட்டைத் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்தான்.

அந்தக் காலத்து வீடு. அகலம் இல்லாவிட்டாலும் நீளம் உண்டு. அவன் மூலைக்கு மூலை அடியளந்து பார்த்தான். நான்கு காலி மாவு டிரம்மை நிறுத்தி, இரண்டு இரண்டு டிரம்முக்கு நடுவே அப்பளம் காயப்போடுகிற மூங்கிலை வைத்தோம். உயரம் என் தொப்புளுக்கு மேலே வந்தது. நிஜப் பந்தயத்தில் பத்துத் தடை. எங்கள் மாடியில் இரண்டுக்குத்தான் இடம். எட்டு எட்டு, அதாவது எட்டுத் தப்படி, ஓடி முதல் தடை, அப்புறம் மூன்றே எட்டு, இரண்டாவது தடை. அதற்கு அப்பால் சுவர். இரண்டாவதைத் தாண்டி இறங்கியதும் இரண்டு கையையும் நீட்டிச் சுவரில் அறைந்து நிற்பான். அறையாவிட்டால் மூக்கு உடையும்.

அன்று சாயங்காலமும் மூன்றாம் நாள் முழுவதும் அதையேதான் செய்தான். நான் கீழே தோசை ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். தட தடவென்று எட்டு. ஒரு சத்தமின்மை. மூன்று. ஒரு சத்தமின்மை. அப்புறம் சுவரில் உள்ளங்கை 'பட்'. எண்ணிக்கை எனக்கு எட்டுக்கு மேல் தேவைப்படவில்லை. சாப்பிட வந்த ஒரு பாங்க்காரர் உத்தரத்தைப் பார்த்து, "மேல என்ன அண்ணாச்சி, புதுசா ஆட்டு உரல் போட்டிருக்கீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

முட்டை விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் காலையில் அவன், "அண்ணாச்சி, இட்லி தின்னு இட்லி தின்னு கால் பஞ்சா இருக்கு. முட்டை வேணும், ஆறு" என்றான். மெஸ்ஸுக்குள் முட்டை வந்தால் முதலாளி என்னையும் சேர்த்துக் கழுவி விடுவார். இருந்தும் பஜாருக்குப் போனேன். முட்டைக்காரர் வருஷக்கணக்காக என்னைப் பார்க்கிறவர். தக்காளிப் பையோடு நான் அவர் கடைமுன் நின்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"என்னப்பா மதராஸி, சாம்பார்ல முட்டை போட ஆரம்பிச்சாச்சா?"

"இல்ல தாதா. தலைக்குத் தேய்க்க" என்றேன். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.

அவர் என் தலையைப் பார்த்தார். ஆறு முட்டையை எடுத்துத் தாளில் சுற்றினார். அந்த ஊரில் ஒவ்வொரு மனிதனும் இரண்டு பெரிய கிளப்பில் ஒன்றுக்குப் பிறந்தவன். முட்டைக்காரர் எந்த கிளப் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். ஒரு ஸ்டவ்வில் ரகசியமாக அவித்து, முட்டை ஓட்டைத் தாளில் பொட்டலம் கட்டி மெட்ரோ பள்ளத்தில் போட்டேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலாம் நாள் கடை திறந்ததும் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு தோசை. தோசை ஆறிப்போனது, தொடவில்லை. அவர்களில் ஒருவன் மேலே சத்தம் கேட்கும்போதெல்லாம் உத்தரத்தைப் பார்த்தான். கடைசியில் என்னைக் கூப்பிட்டான்.

"தாதா, உங்க தலை நல்லா மின்னுது. முட்டையா?"

"இருங்க, சட்னி கொண்டுவர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கப் படியில் ஓடினேன். முதலாளி கிளப் ஆபீஸ் இருக்கிற கூடாரத்துக்குப் போயிருந்தார். மேஜ்தாவுக்குச் சொல்லி அனுப்ப ஆளில்லை. மாடியில் அவன் வேர்த்து நின்றான். முள் செருப்பு காய்கறிப் பைக்குள் தயாராக இருந்தது. ஓடுகிறவர்கள் போடுகிற ஆணி வைத்த செருப்பைத்தான் சொல்கிறேன்.

"கீழ ஆள் வந்தாச்சு. எதிர்க் கட்சி."

"எத்தனை பேர்?"

"மூணு. இப்ப உன்னை எங்க கொண்டு ஒளிக்க?"

அவன் பையைத் தூக்கி என் கையில் கொடுத்தான். "ஒளிக்க வேண்டாம் அண்ணாச்சி. எப்படியும் ஓடித்தான் ஆகணும். அங்க போயே ஓடுறேனே."

நான் அடுப்பைத் தொட்டுச் செய்த சத்தியம் ஞாபகம் வந்தது. கண்டுபிடித்துவிட்டார்கள், அதனால்தான் வெளியே விட்டேன் என்று பிற்பாடு முதலாளியிடம் சொன்னேன். அது பாதிதான். அவன் இன்னொரு நாள் அந்த அறைக்குள் நடப்பதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பின்கதவைத் திறந்துவிட்டேன்.

பின்சந்து பெரிய ரோட்டில் போய் முட்டும். ரோட்டின் குறுக்கே பள்ளத்துத் தடுப்புகள், ஒன்று விட்டு ஒன்று. மூன்று பேரும் வாசல் வழியாகச் சுற்றி வந்துவிட்டார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் தடுப்பைத் தாண்டினான், இரண்டாவதைத் தாண்டினான், மண்வெட்டியோடு நின்ற வேலைக்காரர்கள் கைதட்டினார்கள். துரத்தினவர்களில் ஒருவன் தானும் தாண்டப் பார்த்து, வேட்டி ஆணியில் மாட்டி அப்படியே தொங்கினான். மற்ற இருவரும் அவனை அவிழ்க்க நின்றார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகைவழியே அந்தப் பக்கம் போனேன்.

அவனுக்கு மைதான்வரை ஓடுவது உடம்பைச் சூடாக்குகிற வேலை. எனக்கு உயிர் போகிற வேலை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைரிக்‌ஷாவில் ஏறினேன். மனுஷன் இழுக்கிற வண்டியில் மனுஷன் உட்காருவதா என்று அதுவரை ஏறினதில்லை. ரிக்‌ஷாக்காரர் முன்னால் ஓடுகிறவனையும் பின்னால் பையோடு தவிக்கிற என்னையும் பார்த்தார்.

"திருடனா? பிடிக்கணுமா?"

"பிடிக்க வேண்டாம். விட்டுறாம போனா போதும்."

கயிறு கட்டிய புல்தரை. சுண்ணாம்புக் கோடு. எட்டு ஓடுபாதை, ஒவ்வொன்றிலும் பத்துத் தடை. நான் அதுவரை அவன் பந்தயம் ஓடிப் பார்த்ததில்லை. மாடியில்கூட அதிகமும் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறேன். அத்தனை தடையையும் வரிசையாகப் பார்த்ததும் மலைத்துப்போனேன். இரண்டுக்கு மேல் இத்தனை இருக்கிறதே என்று.

அவன் பேர் கொடுத்து, செருப்பு மாட்டி, கோட்டில் குனிவதற்குள் ஓட்டம் முடிகிற இடத்துக்குப் போனேன். அங்கே அந்த மூன்று பேரும் நின்றார்கள், ஒருவன் கிழிந்த வேட்டியோடு. அவர்களுக்குப் பக்கத்தில் மேஜ்தா குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். எப்படித் தெரிந்ததோ, அந்த ஊரில் எல்லாம் தெரிந்துவிடும். இரண்டு கட்சியும் ஒரே பொட்டலத்தில் கடலை தின்றுகொண்டிருந்தது. ஓட்டம் முடிகிறவரை யாரும் யாரையும் தொடமாட்டார்கள். அதில் அவர்கள் ரொம்பக் கண்ணியம்.

மேஜ்தா என்னைப் பார்த்தார். "உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்" என்று கடலையை நீட்டினார்.

துப்பாக்கி வெடித்தது.

எட்டு எட்டு, முதல் தடை. அவன் ஒருவன்தான் தெரிந்தான், மற்ற ஏழு பேரும் பின்னால் எங்கேயோ வந்தார்கள். மூன்று எட்டு, இரண்டாவது தடை. ஒரு ஆள் நீளம் முன்னால் இருந்தான். மேஜ்தா கடலையைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, இவனையா நான் பந்து உதைக்க வச்சேன்!" என்று கத்தினார்.

இரண்டாவதைத் தாண்டி இறங்கினான். அப்போது அவனுடைய இரண்டு கையும் முன்னால் நீண்டன.

ஒரு கண் மூடித் திறக்கிற நேரம்தான். அங்கே சுவர் இல்லை, வெறும் வெயில்தான் இருந்தது. ஆனால் உடம்பு சுவருக்காகக் கையை நீட்டியது. அதற்குள் மூன்று எட்டில் போக வேண்டியது நான்காகிவிட்டது, மூன்றாவது தடையைத் தப்பான காலில் ஏறி, மாடி மூங்கில் போல அது பின்னால் விழ, தடுமாறி இறங்கினான். ஐந்து பேர் அவனைக் கடந்துபோய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அவன் ஓடினது இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது? ஏழு தடையில் மூன்று பேரைப் பிடித்துவிட்டான். கடைசித் தடையைத் தாண்டினபோது முன்னால் இரண்டு பேர். நாடாவில் இரண்டாவது ஆளோடு ஒட்டிக்கொண்டே வந்தான். நெஞ்சளவு வித்தியாசம். கோட்டில் நின்ற வயசான நடுவர் ஒருவர் மற்றவரிடம் கேட்டுவிட்டு, அவன் பக்கம் பார்த்து மூன்று விரலைக் காட்டினார்.

புல்லில் கவிழ்ந்து கிடந்தான். யாரும் கிட்டே போகவில்லை. கிழிந்த வேட்டிக்காரன்தான் முதலில் போய்க் குனிந்தான். "தம்பி, எங்க கிளப்லயும் அதே வேலை, அதே ஆபீஸ், இன்னும் பெரிய நாற்காலி" என்றான். புல்லில் கிடந்தவன் தலையைத் தூக்காமலே கையை ஆட்டினான். "நாலு நாளா சோறு போட்டது அவங்க" என்றான். எழுந்து, செருப்பைக் கழற்றி என் பையில் போட்டான். மேஜ்தாவின் டாக்சியை நோக்கி நடந்தான். நானும் பின்னால் போனேன்.

கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, மூணாவது தடைக்கு முன்னாடி, நீங்க பார்த்தீங்களா?"

எனக்கு அப்போதே தெரியும். இரண்டு நாள், நூறு தடவையோ இருநூறு தடவையோ, இரண்டு தடையும் ஒரு சுவருமாக அவன் காலுக்குப் பாடம் ஏற்றினது யார்? மாடி என்றால் மாடி மட்டும் என்று பூட்டினது யார்? அவன் சொன்ன அன்றைக்கே பின்கதவைத் திறந்து, பொழுது விடியுமுன் மைதானுக்கு ஓட விட்டிருந்தால்?

"பார்க்கலையே" என்றேன். "வெயில் கண்ணுல அடிச்சுது."

அவன் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டான். மறுநாள் கையெழுத்துப் போட்டான். முதலாளி என்னை ஊருக்கு அனுப்பவில்லை. ஆள் கிடைத்துவிட்டதால் சத்தியத்தை மறந்துபோனார். முட்டையைப் பற்றி மட்டும் பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நான்கு சீசன் ஆடினான். வலது ஓரம். நான் ஒரு ஆட்டம் விடவில்லை. கேலரியில் மற்றவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள், நான் கடைசிப் படிக்கட்டில் நின்றும் நடந்தும்தான் பார்ப்பேன். பந்தைத் தள்ளிவிட்டு ஓடுவான். ஒருவனைத் தாண்டுவான். இரண்டாமவனைத் தாண்டுவான். உடனே நான் முன்னால் நிற்கிறவர் தோளை இறுக்கிப் பிடித்துவிடுவேன். எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்! அவன் மூன்றாமவனையும் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பான். ஒருதரம்கூடக் கை நீளவில்லை. ஆனால் எனக்கு ஒவ்வொரு தடவையும் நீளப்போகிற மாதிரியே இருக்கும்.

ஐந்தாவது சீசனில் முழங்கால் போனது. வேலை இருந்தது. பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வாடகை வீடு பிடித்து அப்பா அம்மாவை வைத்துக்கொண்டான், அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது, என்னை வைத்துத்தான் சாம்பார். நூறு பேருக்குச் சொன்னார்கள், நூற்றைம்பது பேர் வந்தார்கள், வங்காளிகள் அப்பளத்தை மட்டும் தின்று தீர்த்தார்கள். சரி, அது வேறு கதை. ஆபீசில் அவனைச் சும்மா விடவில்லை. காலை இழுத்துக்கொண்டே கயிறு இழுக்கவும், கேரம் ஆடவும், குண்டு எறியவும் அனுப்பினார்கள். "எல்லாம் இருக்கு அண்ணாச்சி, எங்க ஆபீஸ் ஸ்போர்ட்ஸ்ல ஹர்டில்ஸ் மட்டும் கிடையாது" என்பான்.

மெட்ரோ எங்கள் பவானிபூர்வரை ஓட ஆரம்பித்த புதிதில் ஒரு நாள் மத்தியானம் வந்தான். அதற்குள் கொஞ்சம் தொந்தி, கண்ணாடி. சாப்பிட்டுக் கை கழுவினவன், "மாடிச் சாவி இருக்கா?" என்றான். சாவி இடுப்பில்தான் இருந்தது, கொடுத்தேன்.

நான் கல்லில் ஊத்தப்பம் ஊற்றியிருந்தேன். மேலே சத்தம் கேட்டது. தட தடவென்று இல்லை. நொண்டி நொண்டி, ஒரு கனம், ஒரு லேசு. எண்ணினேன். எட்டு. ஒரு சத்தமின்மை, அது ரொம்பக் குட்டையாக இருந்தது. மூன்று. அப்புறம் உள்ளங்கை, 'பட்'.

ஊத்தப்பம் கருகிவிட்டது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி வந்தான். கையில் சுவர்ச் சுண்ணாம்பு.

"அன்னைக்கு நீங்க பார்த்தீங்கல்ல?" என்றான்.

"பார்த்தேன்" என்றேன்.

"தெரியும். பொய் சொல்லும்போது நீங்க தலையைத் தடவுவீங்க." கையைத் தட்டிச் சுண்ணாம்பை உதிர்த்தான். "ஒண்ணு, நான் சொன்ன அன்னைக்கே என்னை விட்டிருக்கணும். இல்லைன்னா அந்தச் சுவரை இடிச்சிருக்கணும். ரெண்டும் இல்லாம நடுவுல ஒண்ணு பண்ணுனீங்க பாருங்க..."

"சத்தியம் பண்ணியிருந்தேன்டே."

"பாதிச் சத்தியம்" என்று சிரித்தான். காப்பி கேட்டான். கொடுத்தேன், நின்றுகொண்டே குடித்தான். நானும் நின்றுகொண்டுதான் இருந்தேன். இரண்டு பேருக்கும் அங்கே நாற்காலி இருந்தது.